மூன்று நாள் நடக்க வேண்டிய தலைநகரம்

கும்பகோணத்திலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் கோயில் உலாவாக வரும் வேன்கள் கங்கைகொண்ட சோழபுரத்தில் நிற்கும் நேரம் முக்கால் மணி. மிஞ்சினால் ஒரு மணி. விமானத்தை அண்ணாந்து பார்த்து, பெருவுடையாரைத் தொழுது, நந்தியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஒரு பேரரசின் தலைநகராக விளங்கிய ஊரைப் பார்த்துவிட்டோம் என்ற நிறைவும் அவர்களுக்கு இருக்கிறது. பார்த்தது கோயிலை மட்டுமே. நகரம் எங்கே என்று கேட்பவர் குறைவு. கேட்டாலும் அழைத்துச் சென்று காட்டுவார் இல்லை.

பெரு நாட்டில் இன்காக்களின் இடிபாடுகளைக் காணச் செல்லும் பயணிக்கு நேர்வது வேறு. மச்சு பிச்சுவுக்கு ரயிலில் சென்று அன்றே திரும்பலாம்தான். ஆனால், புகழ்பெற்ற இன்கா பாதை வழியே செல்வோர் நான்கு நாள்கள், நாற்பது கிலோமீட்டருக்கும் மேல், மலையேறி நடக்கிறார்கள். வழியில் இடிந்த காவல் நிலையங்கள், படிவயல்கள், சடங்கு நீர்த்தொட்டிகள் ஒவ்வொன்றாக எதிர்ப்படுகின்றன. நான்காம் நாள் காலையில் ‘சூரிய வாசல்’ என்னும் கணவாயில் நின்று பார்க்கும்போதுதான் மச்சு பிச்சு கீழே தெரிகிறது. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் அப்பாதையில் நடக்க 2001 முதல் அனுமதி கிடையாது. சுமை தூக்குவோர், சமையற்காரர்களையும் சேர்த்து நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் இசைவுச் சீட்டு. பிப்ரவரி மாதம் முழுவதும் பாதையை மூடிச் செப்பனிடுகிறார்கள். ஒருவர் எவ்வளவு சுமை தூக்கலாம் என்பதற்கும் சட்டம் உண்டு. கஸ்கோ நகரைச் சுற்றியுள்ள பதினாறு இடங்களைப் பத்து நாள்களுக்குள் பார்த்துக்கொள்ள ஒரே நுழைவுச்சீட்டும் தருகிறார்கள்.

இத்தனைக்கும் இன்காக்களிடம் எழுத்து இல்லை. முடிச்சிட்ட கயிறுகளே அவர்களின் கணக்கேடு. மச்சு பிச்சுவில் ஒரு கட்டடத்தை அதில் வாழ்ந்தவர்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று சொல்ல எந்தச் சான்றும் அங்கில்லை. இன்று வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் இட்டவை. நம்மிடமோ எழுத்து உண்டு. அரண்மனை ஒன்றின் பெயர் சோழகேரளன் திருமாளிகை என்று கல்வெட்டு சொல்கிறது. அதனினும் நானூறு ஆண்டுகள் மூத்த நகரம் நம்முடையது. ஆயினும் அவர்களுக்கு நான்கு நாள். நமக்கு முக்கால் மணி நேரம்.

இந்த எண்ணத்தோடு, ஒரு தை மாதத்தில் ஜெயங்கொண்டத்தில் அறை எடுத்துத் தங்கி, மூன்று நாள்கள் இப்பகுதியை நடந்து பார்த்தேன். உடன் வந்தவர் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்; இப்பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். தொழில்முறை வழிகாட்டி அல்லர். கோயிலை முதல் நாள் காட்ட மாட்டேன் என்று அவர் முதலிலேயே நிபந்தனை விதித்துவிட்டார். “அதைப் பார்த்துவிட்டால் உங்களுக்கு மற்றது எதுவும் கண்ணில் படாது” என்றார். இன்கா பாதையைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால், அதே முறையைத்தான் அவர் கையாண்டார்.

முதல் நாள் ஏரி. மக்கள் பொன்னேரி என்று அழைக்கும் சோழகங்கம், கோயிலுக்கு மேற்கே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. இராசேந்திரனின் படை 1023 அளவில் கங்கைவரை சென்று, தோற்ற மன்னர்கள் தலையில் கங்கை நீரைச் சுமத்திக் கொண்டுவந்ததையும், அவ்வெற்றியின் நினைவாக அவன் இந்த ஏரியை அமைத்ததையும் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. கல்லால் நாட்டும் வெற்றித்தூணுக்கு மாற்றாக, நீராலான வெற்றித்தூண் என்று அச்செப்பேடு ஏரியைக் குறிக்கிறது. உலகில் வெற்றிச் சின்னம் எழுப்பாத பேரரசர் இல்லை. அச்சின்னத்தில் நெல் விளைந்த ஊர்கள் மிகச் சிலவாகத்தான் இருக்கும்.

தஞ்சையை விட்டு இங்கு ஏன் வந்தான் என்ற கேள்விக்கும் ஏரிக்கரையில் நின்றால்தான் விடை புலப்படுகிறது. கொள்ளிடத்துக்குத் தெற்கே நல்ல நன்செய்; அங்கே ஒரு பெருநகரைப் பரப்பினால் அத்தனை விளைநிலமும் போய்விடும். வடகரையில் மேட்டு நிலம். வடக்கே படை செலுத்துவதற்கும் ஆற்றைக் கடக்க வேண்டியதில்லை. குறை ஒன்றுதான், தண்ணீர். ஆகவே, இங்கே ஏரி என்பது அழகுக்கு அமைத்த ஒன்றன்று. ஏரி இல்லாமல் நகரமே இல்லை. 1855-இல் சென்னையில் வெளியான தென்னிந்திய விவரச்சுவடி ஒன்று, இதன் கரை 16 மைல் நீளமுடையது என்றும், பயனற்றுக் காடு மண்டிக் கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறது. நாங்கள் நடந்தபோது ஒரு பகுதியில் தண்ணீர் நின்றது; நாரைகள் இருந்தன. மற்றப் பகுதியில் சீமைக் கருவேலம். கரை மேல் நடந்தது இரண்டரை மணி நேரம். அதன் பிறகு 16 மைல் என்ற எண் எனக்கு வெறும் எண்ணாக இருக்கவில்லை.

இரண்டாம் நாள் உட்கோட்டையும் மாளிகைமேடும். கோயிலிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். சோழர் அரண்மனை இருந்த இடம் இது என்று எதிர்பார்ப்போடு வருபவர் முதலில் ஏமாறுவார். கூரையின் கீழ் செங்கல் அடித்தளங்கள்; சுற்றிலும் வயலும் முந்திரித் தோப்பும். தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-81இல் தொடங்கிப் பல கட்டங்களாக இங்கு அகழ்ந்திருக்கிறது. 2021 முதல் மீண்டும் அகழாய்வுகள் நடந்தன. கிடைத்தவை கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், வளையல் துண்டுகள், தந்தத்தாலான பொருள்கள், சீனப் பானை ஓடுகள்.

வழிகாட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. கோயில் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். செங்கல் சுவரின் அடித்தளத்தை ஒருவர் விளக்கினால்தான் உண்டு. ஓடும் ஆணியும் ஒன்றாக ஏராளமாகக் கிடைத்தால், மரச்சட்டத்தின் மேல் ஓடு வேய்ந்த கூரை இருந்தது என்று பொருள். மரமும் செங்கலுமாகக் கட்டிய மாளிகை என்பதால்தான் அது மண்ணாயிற்று. கல்லாலான கோயில் நின்றது. மன்னன் தன் வீட்டைச் செங்கல்லாலும் இறைவன் வீட்டைக் கல்லாலும் கட்டினான் என்பதை இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்த நாள்களில் பார்ப்பவர் தாமே உணர்வார். சீன ஓடு இன்னொரு கதை. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதர்கள் சீனாவின் சோங் அரசவைக்குச் சென்றதைச் சீன ஆவணங்கள் குறித்திருக்கின்றன. உள்ளங்கை அகல ஓட்டுத் துண்டுக்குப் பின்னால் இவ்வளவு கடல் இருக்கிறது.

உட்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களை ஆசிரியர் பாடம் நடத்துவதுபோல் அடுக்கினார். ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி, யுத்தப்பள்ளம், தொட்டிக்குளம், வாணதரையன்குப்பம், கடாரங்கொண்டான். படைக்கலக் கொட்டில் ஓர் ஊர், மெய்க்காவலர் குடியிருப்பு ஓர் ஊர், கட்டுமானத்துக்குச் சுண்ணாம்பு எடுத்த குழி ஓர் ஊர் என்று விரித்துப் பார்த்தால் நகரின் வரைபடமே கிடைத்துவிட்டதுபோல் தோன்றும். இதில் சற்று எச்சரிக்கை தேவை. கடாரங்கொண்டான் இராசேந்திரனின் விருதுப் பெயர், ஐயமில்லை. மற்றவை எல்லாம் சோழர் காலப் பெயர்கள்தாம் என்று சொல்ல, ஒவ்வொன்றுக்கும் கல்வெட்டுத் துணை வேண்டும். ஆசிரியர் இந்த வேறுபாட்டைச் சொல்லியே காட்டினார். “இது கல்வெட்டில் இருக்கிறது, இது ஊரார் சொல்வது” என்று பிரித்துச் சொல்லும் வழிகாட்டி கிடைப்பது அரிது.

பெரும்பாலும் கிடைப்பது எதிர்மாறானது. கோயில் வளாகத்தில் ஒருவர் ஒரு குடும்பத்துக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அரண்மனைக்கும் கோயிலுக்கும் சுரங்கப்பாதை. கருவறைக்கு அடியில் சந்திரகாந்தக் கல், கோடையில் குளிரும் குளிர்காலத்தில் வெப்பமும் தரும். தந்தைக்கு மரியாதை செய்யவே மகன் விமானத்தைத் தஞ்சையைவிடக் குறைத்துக் கட்டினான். குழந்தைகள் வாய் பிளந்து கேட்டார்கள். அவற்றுக்குச் சான்று உண்டா என்று கேட்க அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மரியாதைக் கதை அழகானதுதான். ஆனால், அப்படிச் சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை.

மாளிகைமேட்டில் இன்னொன்றும் தெரிந்தது. இந்நகரம் யாருமற்ற மலையுச்சியில் இல்லை. மக்கள் அதன் மேலேயே வாழ்கிறார்கள். கிணறு வெட்டினால் செங்கல் வரும். தலைமுறை தலைமுறையாக அச்செங்கற்களை எடுத்து வீடு கட்டியிருக்கிறார்கள். அதைக் கொள்ளை என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. மத்தியச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர்வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். இச்சட்டம் தேவையானதே. ஆனால், வரலாற்றின் பொருட்டுத் தம் மனையில் ஓர் அறை கூடுதலாகக் கட்ட முடியாதவர்களுக்கு அந்த வரலாற்றால் வரும் வருவாய் என்ன? வேன்கள் நிற்கும் முக்கால் மணி நேரத்தில் இளநீர் விற்பவருக்குக் கிடைப்பதுதான்.

ஆடித் திருவாதிரையை அரசு விழாவாகக் கொண்டாடும் அறிவிப்பு 2022-இல் வந்தது. கடாரப் படையெடுப்பின் ஆயிரமாண்டை ஒட்டி 2025 ஜூலையில் பிரதமரே வந்து சென்றார். அருங்காட்சியகம் பற்றிய அறிவிப்பும் வந்திருக்கிறது. எல்லாம் நல்லவையே. என்றாலும் விழா ஆண்டுக்குச் சில நாள்கள். உட்கோட்டை, ஆயுதக்களம் போன்ற ஊர்களின் இளைஞர்களில் இருபது பேருக்கு ஓராண்டு கல்வெட்டும் கட்டடக்கலையும் அகழாய்வு முறையும் கற்பித்து உரிமம் வழங்குவதற்கு, ஒரு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவு ஆகாது. ஏரி, மாளிகைமேடு, கோயில் மூன்றையும் இணைத்து மூன்று நாள் சீட்டு. உள்ளூர் வீடுகளில் உணவு. மாளிகைமேட்டில் ஒரு வேளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு. கோயில் மத்தியத் தொல்லியல் துறையிடமும், மாளிகைமேடு மாநிலத் தொல்லியல் துறையிடமும் இருப்பதால் ஒரே சீட்டு என்பது எளிதன்று என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். பெருவிலும் ஒன்றுக்கு மேற்பட்ட துறைகள் உண்டு.

மூன்றாம் நாள்தான் கோயில். இரண்டு நாள் செங்கல்லும் மண்ணும் பார்த்த கண்ணுக்கு, 180 அடி விமானம் வேறு மாதிரி தெரிந்தது. தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் கூர்ந்து எழுவது; இது இடையில் மெல்ல உள்வாங்கி வளைந்து எழுவது. எது உயர்ந்தது என்ற வாதத்தில் எனக்கு நாட்டமில்லை. வடக்கு வாயிலின் படியருகே சண்டேசருக்குச் சிவபெருமான் மாலை சூட்டும் சிற்பத்தின் முன் அரை மணி நேரம் நின்றோம். போரில் வென்று கொண்டுவந்தவை என்று கருதப்படும் சிற்பங்களில், தாமரை வடிவில் ஒரே கல்லில் அமைந்த நவக்கிரகம் உள்ளே இருக்கிறது. இவ்வளவு பெரிய கோயிலில் அதைக் கட்டிய இராசேந்திரனின் கல்வெட்டு இல்லை. கிடைப்பவற்றில் காலத்தால் முந்தியது அவன் மகன் வீரராசேந்திரனுடையது. தஞ்சையில் தந்தை சுவர் முழுதும் எழுதிவைத்திருக்க, மகன் ஏன் எழுதவில்லை? இந்தக் கேள்வியை ஆசிரியர் என்னிடம் விட்டுவிட்டார்.

வெளியே வந்து சுற்றிப் பார்த்தால், கோயிலுக்குத் திருமதில் பெரும்பாலும் இல்லை. கிழக்குக் கோபுரம் அடித்தளமாக நிற்கிறது. இது பாண்டியர் படையெடுப்பின் விளைவு என்றே பலரும் எண்ணுகிறார்கள். கற்களின் கதை அவ்வளவு பழமையானதன்று. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கல் கிடைக்காத இந்த வண்டல் பூமியில் பொறியாளர்களின் பார்வை மதிலின் மேல் விழுந்தது. ஊர் மக்கள் தடுத்தார்கள், தண்டிக்கப்பட்டார்கள். கல் மதிலுக்கு மாற்றாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்களித்தார்கள். அது நிறைவேறவில்லை என்று மேலே சொன்ன 1855-ஆம் ஆண்டு நூலே வருந்தி எழுதியிருக்கிறது. கஸ்கோவுக்கு மேலேயுள்ள சக்சைவாமன் கோட்டையின் கற்களை ஸ்பானியர் பெயர்த்துத் தம் மாளிகைகளுக்கும் தேவாலயங்களுக்கும் கொண்டு சென்றதை அங்குள்ள வழிகாட்டிகள் ஒவ்வொரு குழுவுக்கும் சொல்கிறார்கள். இங்கே அதைச் சொல்லும் பலகை எதையும் நான் காணவில்லை.

அன்று பிற்பகல் கும்பகோணம் பேருந்தில் ஏறி அணைக்கரையில் இறங்கினோம். மூன்று நாள் உலாவில் இதைச் சேர்க்காமல் விடக் கூடாது. கீழணையில் தேங்கும் நீர் வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்குச் செல்கிறது. அங்கிருந்து குழாய் வழியே சென்னைக்கு. பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆசிரியர் நீர்வழிக் கண்களை எண்ணிக் காட்டினார். வெள்ளக் காலத்தில் எதுவும் தெரியாது. தை, மாசியில் நீர் வடிந்த பிறகு போனால் அடியிலுள்ள கட்டுமானத்தைப் பார்க்கலாம்.