கருவி இலவசம், கைவேலைக்குக் கூலி!
கணினித் தொழிலில் நம் பிள்ளைகளுக்கும் ஒரு தறி



நம்ம தேவிகாபுரத்தில் பட்டுத்தறிச் சத்தம் எல்லோருக்கும் பழக்கம். தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியையும், அதில் கோர்த்துத் தொங்கும் அட்டைகளையும் தினம் பார்க்கிறோம். மிதியை மிதித்தால் ஒரு அட்டை நகரும். ஓட்டை இருக்கிற இடத்துக்குத் தகுந்தபடி பாவு இழை மேலே எழும்பும். எந்த இழையை எப்போ தூக்கணும்னு நெய்கிறவங்க மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். அட்டை பார்த்துக்கும்.

திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை ஒரு தடவை சொல்லிவைத்து, பிறகு தானாக நடக்க விடுவதற்குப் பெயர்தான் 'ஆட்டோமேஷன்'. அது நமக்குப் புதுசே இல்லை.

அட்டைத் தறி சொல்லும் கதை

பிரான்ஸ் நாட்டில் லியோன் என்று ஒரு பட்டு நெசவு நகரம். அங்கே ஜக்கார்டு என்பவர் 1804-ல் இந்தக் கருவியை உருவாக்கினார். 1805-ல் அரசு அதன் உரிமையை லியோன் நகரத்துக்கே கொடுத்தது. ஜக்கார்டுக்கு வருஷத்துக்கு 3,000 பிராங்க் ஓய்வூதியமும், விற்கும் ஒவ்வொரு தறிக்கும் ஒரு தொகையும் கிடைத்தது. கருவி ஊருக்குப் பொதுவானதால் வேகமாகப் பரவியது. 1812-ல் பிரான்சில் சுமார் 11,000 தறிகள் ஓடின.

முன்பெல்லாம் பூவேலை நெய்யும்போது இழையை இழுத்துவிட ஒரு பையன் கூடவே இருப்பான். அவன் வேலை போனது. லியோன் நெசவாளர்கள் பயந்தார்கள், எதிர்த்தார்கள். ஆனால் டிசைன் வரைகிறவர், அட்டையில் ஓட்டை போடுகிறவர், பெட்டியைப் பழுது பார்க்கிறவர் என்று புதுத் தொழில்களும் பிறந்தன. கருவி எல்லோருக்கும் பொது. அதை ஓட வைக்கத் தெரிந்தவருக்குக் கூலி. இன்றைய கணினித் தொழிலிலும் இதே கணக்கு நடக்கிறது.

திறந்த மூல மென்பொருள் என்றால் என்ன?

கடையில் வாங்கும் மென்பொருள் பூட்டிய பெட்டி மாதிரி. உள்ளே என்ன இருக்குன்னு பார்க்க முடியாது. திறந்த மூல மென்பொருளைத் திறந்து பார்க்கலாம், பயன்படுத்தலாம், நமக்குத் தேவையான மாதிரி மாற்றலாம். அதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

இதில் 'லோ-கோட்' என்று ஒரு வகை உண்டு. பக்கம் பக்கமாகக் கணினி மொழி எழுத வேண்டாம். திரையில் பெட்டி பெட்டியாக வைத்துக் கோடு போட்டு இணைத்தால் போதும். நம்ம குழுவில் கணக்கு எழுதுபவர், வசூலான தொகையை நோட்டில் எழுதுகிறார். பிறகு பேரேட்டில் எழுதுகிறார். மறுபடி கூட்டமைப்பு அறிக்கையில் எழுதுகிறார். ஒரே எண்ணை மூன்று தடவை! இதையே கருவியில் வைத்தால், முதல் பெட்டி செல்போன் படிவம், இரண்டாவது பெட்டி கணக்குத் தாள், மூன்றாவது பெட்டி மாத அறிக்கை. ஒரு தடவை எழுதினால் மற்ற இரண்டும் தானே நிரம்பும்.

இலவசமாகக் கொடுத்தால் கம்பெனி எப்படிப் பிழைக்கும்?

நியாயமான கேள்வி. ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் யான் ஓபர்ஹவுசர் என்பவர் 2019-ல் 'என்8என்' என்ற கருவியை வெளியிட்டார். 'என்-எயிட்-என்' என்று படிக்கணும். அதை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டார். பல நாட்டுக்காரர்கள் பயன்படுத்தினார்கள். குறை சொன்னார்கள், தங்களுக்கு வேண்டிய பெட்டிகளைத் தாங்களே செய்து சேர்த்தார்கள். "எங்களால் கணினி வைத்துப் பராமரிக்க முடியாது, நீங்களே ஓட்டிக் கொடுங்கள்" என்றவர்களிடம் மாதக் கட்டணம் வாங்கினார்கள். பெரிய நிறுவனங்களுக்குக் கூடுதல் வசதி கொடுத்து அதற்கும் பணம் வாங்கினார்கள். 2020-ல் கிடைத்த முதல் முதலீடு 15 லட்சம் டாலர். 2025 அக்டோபரில் 18 கோடி டாலர் முதலீடு வந்தபோது, கம்பெனியின் மதிப்பு 250 கோடி டாலர்.

நம்ம நாட்டிலும் உதாரணம் உண்டு. மும்பையில் ருஷப் மேத்தா 2008-ல் தொடங்கிய 'ஃப்ராப்பே' நிறுவனம், கணக்கு, சரக்கு இருப்பு எல்லாம் பார்க்கும் 'இ.ஆர்.பி.நெக்ஸ்ட்' மென்பொருளைத் திறந்த மூலமாகவே தருகிறது. அதை ஓட்டிக் கொடுப்பதிலும், உதவி செய்வதிலும் வருமானம் பார்க்கிறது. அந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டு, வாடிக்கையாளருக்கு அமைத்துக் கொடுத்தே பிழைக்கும் சிறு கம்பெனிகள் பல ஊர்களில் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. 'இலவசம்' என்று எழுதியிருந்தாலும் நிபந்தனையைப் படிக்கணும். என்8என் முழுமையான திறந்த மூலம் கிடையாது. நம் சொந்த வேலைக்குப் பயன்படுத்தலாம். பிறருக்கு அமைத்துக் கொடுத்துக் கூலி வாங்கலாம். ஆனால் அந்தக் கருவியையே நம் கணினியில் ஓட்டி, அதைப் பயன்படுத்தப் பிறரிடம் வாடகை வாங்கக் கூடாது. முழுத் திறந்த மூலம்தான் வேண்டும் என்றால், 2013-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்த 'நோட்-ரெட்' இருக்கிறது.

நம்ம வீட்டுப் பெண் என்ன செய்யலாம்?

கணினி படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் மகள், மருமகள் பல வீட்டில் உண்டு. இரண்டு பேர் சேர்ந்து தொடங்கலாம். வாடிக்கையாளர் பக்கத்திலேயே இருக்காங்க. எந்தத் தறிக்கு எவ்வளவு பட்டு, ஜரிகை கொடுத்தோம், எத்தனை சேலை வந்தது, கூலி பாக்கி எவ்வளவு என்று நோட்டில் தேடும் சேலை வியாபாரி இருக்கார். பால் சங்கம், தையல் கடை, நம்ம கூட்டமைப்பும் இருக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமைத்துக் கொடுக்க ஒரு தடவை 3,000 ரூபாய், பராமரிக்க மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து வாடிக்கையாளர் சேர்ந்தால் மாதம் 5,000 ரூபாய் நிலையான வரவு. இருவருக்கு இது போதாது. முதல் வருஷம் இதை நம்பி வேறு வேலையை விடக் கூடாது, கடனும் வாங்கக் கூடாது. செலவும் உண்டு. சர்வர் வாடகை உண்டு. வாட்ஸ்அப் வழியாகத் தொழில் முறையில் அனுப்பும் செய்திக்குக் கட்டணம் உண்டு. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப முன்பதிவு வேண்டும். இவற்றை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடணும்.

கவனிக்க வேண்டியவை

1. சாவி நம்மிடம்: சர்வரும் கடவுச்சொல்லும் குழுவின் பெயரிலேயே இருக்கணும். அமைத்தவர் ஊரை விட்டுப் போனாலும் கணக்கு நம் கையில் இருக்கணும். கடவுச்சொல்லை எழுதி, ஒட்டிய உறையில் பொருளாளர் வைத்திருக்கட்டும்.

2. நோட்டை மூடாதீங்க: மூன்று மாதம் நோட்டும் கருவியும் சேர்ந்தே ஓடட்டும். இரண்டும் பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா என்று கூட்டத்தில் பாருங்கள். கணக்கை வாரம் ஒரு முறை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

3. அந்தரங்கம்: தேவையில்லாமல் ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ ஏற்றக் கூடாது. உறுப்பினர் சம்மதமும் வேண்டும். தனிநபர் தகவல்களைப் பாதுகாக்க 2023-லேயே நாட்டில் சட்டம் வந்துவிட்டது.

4. மனசும் மானமும்: தவணை நாளைக்கு முந்தின நாள் எல்லோருக்கும் நினைவூட்டல் போகலாம், தப்பில்லை. ஆனால் தவணை தவறிய அக்காவின் பெயரைப் பொதுச் செய்தியில் போடவே கூடாது. தறி பத்து நாள் நின்றிருக்கும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும். அந்தச் செய்தியை வேறு யாராவது அவங்க போனில் பார்த்தால் வீட்டில் என்ன நடக்கும்? கருவிக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். பாக்கியைப் பற்றிப் பேசுவதும், அவகாசம் கொடுப்பதும் கூட்டத்தில்தான் நடக்கணும்.

எங்கே தொடங்கலாம்?

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு தாள் எடுங்கள். மாதாமாதம் திரும்பத் திரும்ப எழுதுகிற வேலைகளை வரிசையாக எழுதுங்கள். அதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நம்ம பிள்ளைகளிடம் கொடுத்து, "இதை அமைத்துக் காட்டு" என்று சொல்லுங்கள். நம்ம குழுவில் மூன்று மாதம் ஒழுங்காக ஓடினால், அடுத்த குழு தானே கேட்டு வரும். வேலைக்குக் கூலியும் கொடுங்கள். நம்ம வீட்டுப் பிள்ளைதானே என்று சும்மா வாங்கிக்கொண்டால், அந்தத் தொழில் முளையிலேயே கருகிவிடும்.

நாலு பேருக்குப் பொதுவான கருவி, நம்ம ஊர்ப் பெண்ணின் உழைப்பு, அதற்கேற்ற கூலி. யோசிப்போம், பேசுவோம், தொடங்குவோம்!