பேட்டரித் துளைக்கருவி: குடியானவர்கள் வாங்குமுன் கவனிக்கவேண்டியவை

தென்காசி ஜில்லாவைச் சேர்ந்த கடையநல்லூர்ப் பகுதியில், கருப்பாநதிப் பாசனத்தில் நெல்லும் கிணற்றுப் பாசனத்தில் தென்னையும் பயிரிடும் குடியானவர்களுக்குச் சில்லறை மராமத்து வேலைகள் வருஷம் முழுவதும் ஏற்பட்டுக்கொண்டே இருக்கின்றன. தொழுவத்துக் கதவின் கீல் கழன்றுவிடும். மோட்டார் அறையின் தகரம் காற்றில் பெயர்ந்துவிடும். சொட்டு நீர்க் குழாயில் புதிதாகத் துளையிட வேண்டிவரும். அரை மணி நேர வேலைக்கு ஆள் கிடைக்க இரண்டு நாள் காத்திருப்பதும் உண்டு. இக்காரணங்களால் பேட்டரியால் இயங்கும் துளைக்கருவியை, அதாவது கடைகளில் கார்ட்லெஸ் டிரில் என்று வழங்குவதை, வாங்குவோர் பெருகி வருகின்றனர். ஆயினும் விலையையும் பெட்டியின் பகட்டையும் மட்டும் பார்த்து வாங்கி, மறு கோடைக்குள் பரண்மேல் போட்டுவிடுவோர் பலர்.

இக்கருவியின் முதல் அனுகூலம் சௌகரியம் என்று பெரும்பாலோர் எண்ணுகின்றனர். உண்மையில் அதைவிடப் பெரிய அனுகூலம் உயிர்ப் பாதுகாப்பேயாகும். கம்பியுள்ள துளைக்கருவியைத் தோட்டத்தில் உபயோகிப்பதானால், மோட்டார் அறையிலிருந்து ஒட்டுப்போட்ட கம்பியை ஈர வரப்பின்மீதும் புல்லின்மீதும் இழுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. கம்பியின் உறை ஓரிடத்தில் கிழிந்திருந்தாலும், ஈர நிலத்தில் வெறுங்காலுடன் நிற்பவரின் உடல்வழியே 230 வோல்ட் மின்சாரம் பாயக்கூடும். பேட்டரிக் கருவியிலோ பெரும்பாலும் இருபது வோல்ட் அளவே இருக்கும். ஆனால் சுவருக்குள் பதித்த மின்கம்பியைத் துளைத்துவிட்டால் பேட்டரிக் கருவியும் காப்பாற்றாது. ஆகையால் ஸ்விட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் துளையிடுவதை அறவே தவிர்க்க வேண்டும்.

மின்சாரத் துளைக்கருவி 1895-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து ஸ்டுட்கார்ட் நகரில் பெய்ன் கம்பெனியாரால் செய்யப்பட்டது. பேட்டரிக் கருவியை அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனியார் 1961-ம் வருஷத்தில் வெளியிட்டனர். பத்து வருஷங்களுக்குப் பின், அப்பல்லோ 15 பயணத்தில் சந்திரனின் தரையைத் துளைத்ததும் பேட்டரிக் கருவியே. அக்காலத்திய நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் கனமானவை. சும்மா வைத்திருந்தாலும் சீக்கிரம் வலுவிழப்பவை. இன்று விற்பவற்றில் பெரும்பாலும் இருப்பது லித்தியம்-அயன் பேட்டரி.

இனி, வாங்குவோர் முதலில் காணும் வோல்ட் எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுதல் அவசியம். ஏனெனில் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேயே நிகழ்கிறது. லித்தியம் பேட்டரி என்பது டார்ச் விளக்குக் கட்டையைப் போன்ற சிறு மின்கலங்களைச் சேர்த்துக் கட்டியது. ஒரு கலத்தின் நிதான வோல்ட் 3.6. மூன்று கலங்களைத் தொடராக இணைத்தால் 10.8 வோல்ட், இதனைக் கடைக்காரர் 12 வோல்ட் என்பார். ஐந்து கலங்கள் இணைந்தால் 18 வோல்ட். இதனையே சில கம்பெனியார் 20 என்றும், வேறு சிலர் 21 என்றும் அச்சிடுகின்றனர். முழுதும் சார்ஜ் ஏறிய நிலையில் கலம் ஒன்றுக்கு 4.2 வோல்ட் காட்டுவதால் 21 என்பது முழுப்பொய்யன்று. ஆனால் 18-ஐ விட வலுவுள்ளது என்று எண்ணி அதிக விலை கொடுப்பது வீண். மலிவான சில கருவிகளின்மேல் 48 என்றும் 88 என்றும் பெரிய எண்கள் காணப்படுகின்றன. கைப்பிடிக்குள் அடங்கும் ஐந்து கலங்களுக்கு அவ்வளவு வோல்ட் வர வழியில்லை. அவ்வாறு அச்சிட்ட பெட்டியைக் கண்டால் அடுத்த கடைக்குச் செல்வதே உத்தமம்.

ஆம்பியர்-மணி என்பது பேட்டரியின் கொள்ளளவு. வோல்ட்டை நீரைத் தள்ளும் அழுத்தமாகவும், ஆம்பியர்-மணியைக் குளத்தில் நிற்கும் நீராகவும் கருதலாம். இரண்டையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 18 வோல்ட்டும் 2 ஆம்பியர்-மணியும் உள்ள பேட்டரியில் 36 வாட்-மணி உண்டு. 600 வாட் எடுக்கும் வேலையை இடைவிடாமல் செய்தால் இது நான்கு நிமிஷங்களுக்குள் தீர்ந்துவிடும். ஆனால் திருகாணி முடுக்குதலும் மரத்தில் சிறு துளையிடுதலும் விட்டுவிட்டுச் செய்யும் லேசான வேலைகளாதலால், ஒரு பேட்டரி வீட்டு வேலைக்கு ஒரு பகல் தாங்கும். 4 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றைவிட 2 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வைத்துக்கொள்வது மேல். ஒன்று சார்ஜ் ஏறும்போது மற்றொன்று வேலை செய்யும், கையும் வலிக்காது.

முறுக்கு வலு நியூட்டன்-மீட்டர் என்னும் அளவால் குறிக்கப்படும். விளம்பரத் தாளில் பெரும்பாலும் இரும்பில் சட்டென்று நின்றுபோகும்போது காட்டும் உச்ச அளவே பெரிதாக அச்சிடப்படும். மரத்தில் திருகாணி இறங்கும்போதுள்ள அளவு அதில் பாதியாயும் இருக்கலாம். இரண்டு எண்களையும் கேட்டறிய வேண்டும். வேம்பு, பூவரசு போன்ற மரங்களுக்கும் தகரத்துக்கும் 12 வோல்ட் கருவியே போதும். வைரம் பாய்ந்த பனங்கைக்கும் தேக்கு நிலைக்கும் 18 வோல்ட் வேண்டும். கருவியின் கழுத்தில் எண்கள் எழுதிய வளையமொன்று உண்டு. திருகாணி முடுக்கும்போது சிறிய எண்ணில் தொடங்கி, படிப்படியாக ஏற்றவேண்டும். குறித்த வலுவுக்குமேல் முறுக்கு ஏறாமல் அது நழுவி நின்று, திருகாணியின் தலையையும் முடுக்குபவரின் மணிக்கட்டையும் காக்கும். துளையிடும்போது மட்டும் துளைக்குறிக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

சுவரில் துளையிடுவதற்குச் சுத்தியல்போல் தட்டும் ஏற்பாடுள்ள கருவியை வாங்குதல் நலம். சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் சுவருக்கு அது போதும். கான்கிரீட் தூணுக்கும் கருங்கல்லுக்கும் அது ஏற்றதன்று. அவற்றுக்கு ரோட்டரி ஹாமர் என்னும் வேறு கருவி உண்டு, அதை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். பிட்டுகளிலும் வேறுபாடு உண்டு. கடின உலோக முனையுள்ள சுவர் பிட்டை மரத்துக்குப் போட்டால் மரம் கருகும். மர பிட்டைச் சுவரில் போட்டால் ஒரே துளையில் முனை மழுங்கும்.

சொட்டு நீர்ப் பாசனம் அமைத்தவர்களுக்கு இக்கருவி பெரிதும் உதவும். உபகுழாயில் ரப்பர் வளையம் பொருத்தும் துளைக்கு, அவ்வளையத்துக்கென்று கம்பெனியார் கொடுக்கும் பிட்டையே போடவேண்டும். துளை சற்றே பெரிதானால் நீர் கசிந்துகொண்டேயிருக்கும். குழாயின்மேல் நேர்கோடு கிழித்து, மெதுவான வேகத்தில், அழுத்தாமல் துளைக்க வேண்டும். உள்ளே விழும் பிளாஸ்டிக் சீவல்களை, பக்கக் குழாய்களை மாட்டுமுன், முனை மூடியைத் திறந்து நீர் விட்டுக் கழுவாவிடில் அவை சொட்டுவான்களை அடைத்துவிடும். பிறகு குற்றம் கருவியின்மேல் சுமத்தப்படுகிறது.

பேட்டரியின் பெரும் பகை வெப்பம். சித்திரை, வைகாசி மாதங்களில் தகரக் கூரையிட்ட மோட்டார் அறையில் அதை வைப்பது, விதை நெல்லை வெயிலில் விட்டுவிடுவதற்கு ஒப்பாகும். வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை ஆறவிட்ட பின்னரே சார்ஜ் ஏற்றவேண்டும். பல மாதம் உபயோகமில்லையெனில், பாதியளவு சார்ஜுடன் வீட்டினுள் குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். ஆனி, ஆடியில் சாரல் பெய்யும் நாட்களில் ஈரம் புகாத டப்பா உசிதம். உப்பிய பேட்டரியை எக்காரணம் கொண்டும் சார்ஜ் செய்யலாகாது. அதனைக் குப்பையிலோ நெருப்பிலோ எறியாமல், 2022-ம் வருஷத்துப் பேட்டரிக் கழிவு விதிகளின்படி சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கருவியின் விலையில் பெரும்பங்கு பேட்டரியே. ஒரு கம்பெனியின் பேட்டரி மற்றொரு கம்பெனியின் கருவியில் பெரும்பாலும் பொருந்தாது. ஆகையால் பின்னர் கிளை கத்தரிக்கும் கருவியோ ரம்பமோ வாங்க எண்ணமுள்ளவர்கள், அவை அதே பேட்டரியில் ஓடும் கம்பெனியை இப்பொழுதே தேர்ந்துகொள்வது லாபம். தனிப் பேட்டரியும் பழுதுபார்க்கும் இடமும் தென்காசியிலோ திருநெல்வேலியிலோ உண்டா என்று விசாரித்த பின்னரே பணம் கொடுக்கலாம். வருஷத்துக்கு ஐந்தாறு நாட்களே வேலையுள்ள சிறு குடியானவர்கள், நாலைந்து பேர் கூடி ஒரு நல்ல கருவி வாங்குவது தகும். ஆனால் பேட்டரி யார் வீட்டில் இருக்கவேண்டும், உடைந்தால் யார் செலவு ஏற்பது என்பவற்றை முன்பே எழுதிக்கொள்ளாவிடில் பங்குக் கிணற்றுத் தகராறு இங்கும் வரும். கடையிலேயே பேட்டரியை மாட்டி, இரண்டு வேகங்களிலும் ஓட்டி, பிட் ஆடாமல் சுழல்கிறதா என்று பார்த்து, வரிசை எண் எழுதிய ரசீதும் உத்தரவாதச் சீட்டும் கைக்கு வந்த பிறகு புறப்படவேண்டும்.