சப்ளையருக்கு டிப்ஸ் கொடுக்கணுமா? விருதுநகர் பரோட்டா கடையில் இருந்து ஒரு சம்பளக் கணக்கு

விருதுநகர் என்றாலே எண்ணெய் பரோட்டாதான். சாயங்காலம் எண்ணெய் காய ஆரம்பித்தால், இரவு கடை மூடும் வரை சப்ளையருக்கு உட்கார நேரமிருக்காது. ‘அண்ணே, இன்னும் கொஞ்சம் சால்னா’, ‘தம்பி, ரெண்டு பரோட்டா பிச்சுப் போட்டுக் கொண்டாங்க’ என்று நாலு டேபிளில் இருந்தும் குரல் வரும். சாப்பிட்டு முடித்ததும் பில் 230 ரூபாய். செல்போனை எடுத்து ஸ்கேன் செய்து பணத்தை அனுப்பியாச்சு. அப்போதுதான் பலருக்கும் அந்தக் குழப்பம் வருகிறது. சப்ளையருக்குத் தனியா ஏதாவது கொடுக்கணுமா?

‘அவருக்குத்தான் சம்பளம் இருக்கே, நாம ஏன் கொடுக்கணும்?’ என்பது ஒரு கட்சி. ‘அந்தச் சம்பளத்துல குடும்பம் நடத்த முடியுமா?’ என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது, டிப்ஸ் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது நல்லது.

சப்ளையர் சம்பளத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

தமிழ்நாட்டில் ஹோட்டல், ரெஸ்டாரன்ட் வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை மாநில அரசு நிர்ணயிக்கிறது. 1948-ம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு இது. அடிப்படைச் சம்பளத்தோடு, விலைவாசிக் குறியீட்டைக் கணக்கிட்டு ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும் அகவிலைப்படியும் சேரும். 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 நடைமுறைக்கு வந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குறைந்தபட்ச ஊதியம் முழுவதையும் கொடுக்க வேண்டியவர் முதலாளி. ‘டிப்ஸ் வருதுல்ல, அதனால சம்பளத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிறேன்’ என்று சொல்ல இந்தியச் சட்டத்தில் இடமில்லை. கூடுதல் நேரம் வேலை வாங்கினால் இரண்டு மடங்கு கூலி தர வேண்டும். தீபாவளிக்கு முன்பு பட்டாசு வாங்க வெளியூர் வண்டிகள் சிவகாசியில் குவியும் வாரங்களில், இரவு எத்தனை மணி வரை நின்றாலும் இந்த விதிதான்.

அமெரிக்காவில் ஏன் அவ்வளவு டிப்ஸ்?

அமெரிக்காவில் இருந்து லீவுக்கு வரும் நண்பர் ‘அங்க 20 சதவீதம் வெச்சே ஆகணும்’ என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அங்கே கணக்கே வேறு. அந்த நாட்டின் மத்திய அரசு சட்டப்படி பொதுவான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதி டிப்ஸில் ஈடாகலாம். 1991-ல் இருந்து இந்த 2.13 மாறவில்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. சுருக்கமாக, அங்கே பல இடங்களில் சப்ளையரின் சம்பளத்தில் ஒரு பங்கைக் கஸ்டமரே கட்டுகிறார். ஜப்பானிலோ டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே இல்லை.

நம் ஊரில் சட்டப்படி சம்பளம் முழுவதும் கல்லாவில் இருந்துதான் வர வேண்டும். அதனால் ‘இத்தனை சதவீதம்’ என்ற கட்டாயம் இங்கே பொருந்தாது.

டிப்ஸும் சம்பளமும் ஒன்றா?

இல்லை. கார்டு மூலம் கஸ்டமர்கள் கொடுத்த டிப்ஸை ஹோட்டல் நிர்வாகம் வாங்கி ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அது சம்பளமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐடிசி நிறுவனம் தொடர்பான அந்த வழக்கில் 2016 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. டிப்ஸ் கஸ்டமர் தருவது, அது முதலாளி தரும் சம்பளம் ஆகாது, அதற்குச் சம்பளத்துக்கான வரிப் பிடித்தம் செய்ய வேண்டியதில்லை என்றது நீதிமன்றம்.

கேட்க நல்ல செய்திதான். ஆனால் இதற்கு மறுபக்கம் உண்டு. சம்பளம் இல்லை என்றால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கணக்கிலும் அது வராது. ஒரு சப்ளையருக்கு மாதம் 1,000 ரூபாய் டிப்ஸ் கிடைத்தால் கையில் 1,000 ரூபாய், அவ்வளவுதான். அதே 1,000 ரூபாய் சம்பளத்தில் ஏறினால், பி.எஃப். உள்ள கடையில் 15,000 ரூபாய் உச்சவரம்புக்குள் இருக்கும் ஊழியருக்கு, முதலாளி பங்காக 120 ரூபாய் கூடுதலாகச் சேரும். ஈ.எஸ்.ஐ.-க்கு முதலாளி 3.25 சதவீதம், அதாவது 32.50 ரூபாய் கட்டுவார்.

உடம்பு முடியாமல் படுத்தால்தான் இந்த வித்தியாசம் உறைக்கும். ஈ.எஸ்.ஐ.-யில் இருக்கும் தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அது கணக்கில் உள்ள சம்பளத்தின் 70 சதவீதம். டிப்ஸ் அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. சப்ளையர் பெயர் பதிவேட்டில் இருந்தால்தான் அந்தக் கதவு அவருக்குத் திறக்கும்.

பட்டாசு செய்பவருக்கு யார் டிப்ஸ் கொடுக்கிறார்கள்?

சிவகாசி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. டேபிளில் உட்கார்ந்து சாப்பிடுபவரே பட்டாசு ஆலைத் தொழிலாளியாக இருக்கலாம். அவருக்கும் குறைந்தபட்ச ஊதியம்தான். அவர் உருட்டிய வெடியை வெடித்தவர் யாரும் அவருக்குத் தனியாகப் பத்து ரூபாய் கொடுத்ததில்லை. ‘எனக்குக் கொடுக்காத ஊரில் நான் மட்டும் ஏன் கொடுக்கணும்?’ என்று அவர் கேட்டால் அது தப்பில்லை.

ஆனால் அவருக்கு தீபாவளி போனஸ் இருக்கிறது. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில், தகுதியுள்ள தொழிலாளிக்குக் குறைந்தது 8.33 சதவீத போனஸ் சட்டப்படியான உரிமை. கொடுக்காவிட்டால் கேட்கலாம், புகார் செய்யலாம். டிப்ஸை அப்படிக் கேட்க முடியாது. அது கஸ்டமரின் மனசு, அன்றைய கூட்டம், சப்ளையர் பேசும் பாஷை எல்லாவற்றையும் பொறுத்தது. தமிழ் சரளமாக வராத வடமாநிலத் தம்பிக்கும், அடுப்பு அனலில் நிற்கும் பரோட்டா மாஸ்டருக்கும், பின்னால் தட்டு கழுவும் அக்காவுக்கும் பெரும்பாலும் அது போய்ச் சேர்வதே இல்லை.

பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ இருந்தால்?

மதுரை, சென்னை ரெஸ்டாரன்ட்டுகளில் சிலர் பார்த்திருக்கலாம். சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ரெஸ்டாரன்ட் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனவே அந்தத் தொகையை எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். ஜிஎஸ்டி வேறு. அது வரி, கட்டித்தான் ஆக வேண்டும்.

ஸ்கேன் செய்து கொடுத்தால் யாருக்குப் போகும்?

கல்லா பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு பெரும்பாலும் கடையின் கணக்கு. 230-க்குப் பதில் 250 அனுப்பினால், அந்த 20 ரூபாயும் முதலாளி கணக்கில்தான் விழும். அவர் எடுத்துக் கொடுத்தால் உண்டு. முன்பெல்லாம் மீதிச் சில்லறை சோம்புத் தட்டிலேயே தங்கிவிடும். இப்போது மீதி என்ற ஒன்றே இல்லை. பிரிட்டனில் டிப்ஸ் முழுவதையும் ஊழியர்களுக்கே நியாயமாகப் பிரித்துத் தர வேண்டும் என்ற சட்டம் 2024 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தது.

சரி, என்னதான் செய்யலாம்?

கொடுக்காமல் எழுந்து போவது குற்றமில்லை. அதற்காகக் கூச்சப்பட வேண்டியதும் இல்லை. கொடுக்க மனசிருந்தால் பத்தோ இருபதோ, ரொக்கமாக, கையில் கொடுங்கள். ஸ்கேன்தான் வழி என்றால், ‘அண்ணே, இது உங்களுக்கு வந்து சேருமா?’ என்று அவரிடமே கேட்டுவிடலாம். பொது உண்டியல் வைத்திருக்கும் கடையில் அதில் போட்டால் மாஸ்டருக்கும் கிளீனருக்கும் பங்கு கிடைக்க வாய்ப்புண்டு.

இருபது ரூபாய் கொடுத்ததோடு கணக்கு தீர்ந்துவிட்டது என்று நினைப்பதுதான் சிக்கல். அரசு நிர்ணயித்த சம்பளத்தைவிடக் குறைவாக வாங்கும் சப்ளையர் தொழிலாளர் துறையிடம் முறையிடலாம். பழைய சட்டத்தில் அதற்கு 6 மாத அவகாசம்தான் இருந்தது. புதிய தொகுப்பில் அது 3 ஆண்டுகள். தெரிந்தவர் யாராவது ஹோட்டலில் வேலை பார்த்தால், ‘ஈ.எஸ்.ஐ. போட்டிருக்காங்களா, பி.எஃப். பிடிக்கிறாங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். டிப்ஸ் அன்றைய இரவு பஸ் செலவுக்கு ஆகும். ஆஸ்பத்திரிக்கும் வயதான காலத்துக்கும் பதிவேட்டில் ஏறிய சம்பளம்தான் வேண்டும்.