முப்பது ரூபாய் குமாஸ்தா

போன மாதம் புது வேலையில் சேர்ந்தேன். திருவண்ணாமலையிலேயே, பதினோரு பேர் வேலை செய்யும் சின்ன கம்பெனி. சம்பளம் பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். "ஆனா ஆளுங்க நல்லவங்க" என்று வீட்டில் சொன்னேன். "நல்லவங்கன்னா? டீ வாங்கித் தருவாங்களா?" என்று கேட்டாள் மனைவி. நியாயமான கேள்விதான். யோசித்துக்கொண்டே போனதில் ராமானுஜன் ஞாபகம் வந்தது.

நம்ம ஊரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது திருக்கோவிலூர். 1910-ல் ராமானுஜன் வேலை கேட்டு அங்கே வந்தார். கல்யாணமாகி ஒரு வருடம் தாண்டிவிட்டது, எஃப்.ஏ. தேறவில்லை, கையில் இருந்தது நோட்டுப் புத்தகம் மட்டும். டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர் வேலை தரவில்லை. ரெவின்யூ துறையின் அடிமட்டத்தில் உட்காரவைத்தால் இந்தத் திறமை நசுங்கிப்போகும் என்று அவருக்குப் பட்டது. சென்னையில் உள்ள நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அதன்பின் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தந்து கொஞ்ச காலம் தாங்கினார். பிறகு அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் 20 ரூபாய்க்குச் சில வாரங்கள். 1912 மார்ச் 1-ம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, மாதம் 30 ரூபாய்.

துறைமுகக் கழகம் சின்ன கம்பெனியா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் எவ்வளவு பெரிய ஆபீசாக இருந்தாலும் நாம் தினமும் வேலை செய்வது நம்ம செக்‌ஷனில்தானே. அங்கே மேலே இருந்தவர் எஸ். நாராயண ஐயர். முன்பு கணிதம் கற்பித்தவர், கணிதச் சங்கத்தின் பொருளாளர். ராத்திரி இரண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். ராமானுஜன் நாலு படி தாண்டிக் குதித்தால், என் அளவுக்கு இறங்கி வந்து எழுது என்று பெரியவர் கேட்பாராம். சம்பளம் போடுகிறவர் குமாஸ்தாவிடம் "எனக்குப் புரியல" என்று சொல்வது இன்றைக்கும் அபூர்வம்.

தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ஜினியர். இந்தக் கணிதம் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடக்கூடியவர்களிடம் கொண்டுபோனார். 1913 பிப்ரவரியில் துறைமுகத்துக்கு வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரிடம் நோட்டுகள் காட்டப்பட்டன. அவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மே மாதத்திலிருந்து ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை. நல்ல ஆபீஸ் என்றால் எனக்கு இதுதான்: கூட உட்காருகிற ஒருத்தர், மேலிடத்தில் நமக்காகப் பேசுகிற ஒருத்தர்.

1913 ஜனவரி 16-ம் தேதி ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், துறைமுகக் கழகக் குமாஸ்தா என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார் ராமானுஜன். சம்பளம் வருடத்துக்கு 20 பவுன் என்கிறார். அன்றைய விகிதம் பவுனுக்கு 15 ரூபாய். அப்படிப் பார்த்தால் 24 வரணும். கணித மேதை சம்பளக் கணக்கை ஏன் குறைத்தார் என்று ரொம்ப நேரம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கணக்கை மத்தியானம் ஆபீசில் ஒரு தாளில் போட்டுக்கொண்டிருந்தபோது முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன சார் இது?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் பேசினோம்.

டீ மட்டும் அவரவர் போட்டுக்கணும்.