சுவீடிஷ் மசாஜ்: படுக்குமுன் சொல்ல வேண்டியவை

கணக்காண்டு முடிவு நெருங்கினால் கணக்காளர்களாகிய எமக்குக் கழுத்தும் தோளும் இறுகிவிடும். உணவகங்களிலும் துப்புரவு வேலையிலும் நாள் முழுக்க நிற்கும் எம்மவருக்கு நாரியும் காலும் நோகும். "பழகிப்போச்சு" என்று ஒரு வலி மாத்திரையைப் போட்டுவிட்டு மறுநாளும் வேலைக்குப் போகிறோம். யாராவது சுவீடிஷ் மசாஜுக்குப் போகச் சொன்னால், அது பணக்காரரின் ஆடம்பரம் என்று தட்டிக்கழிக்கிறோம்.

இந்த முறையைச் சுவீடன் நாட்டவரான பேர் ஹென்ரிக் லிங்கின் (1776–1839) பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அவர் 1813இல் ஸ்டொக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நிறுவியவர். ஆனால் இன்றைய முறைகளை வகைப்படுத்தியதில் பெரும்பங்கு ஒல்லாந்து வைத்தியர் யொஹான் மெட்ஸ்கருடையது. சுவீடனிலேயே இதைக் 'கிளாசிக் மசாஜ்' என்றுதான் சொல்கிறார்கள்.

முறைகள் ஐந்து. முதலில் எண்ணெய் பூசி, உள்ளங்கையால் நீளமாக நீவுவார்கள். கை கால்களில் இது இதயத்தை நோக்கியே போகும். அடுத்து, மாவைப் பிசைவதுபோலத் தசையைப் பிசைவார்கள். இறுகிய இடத்தைப் பெருவிரலால் சிறு வட்டமாக அழுத்தித் தேய்ப்பார்கள். பின்னர் கையோரத்தால் மெல்லத் தட்டுவதும் அதிர்வு கொடுப்பதும் உண்டு.

இதனால் தசை இளகும், மனம் ஆறும், நோவும் சில காலம் குறையலாம். நாட்பட்ட நாரி நோவுக்கு இது மட்டும் போதாது. கதிரையை விட்டு எழுந்து நடக்கவும் வேண்டும்.

காய்ச்சலோ தோல் தொற்றோ இருந்தால் போக வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம்; தேய்க்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்போரும், நீரிழிவால் பாதம் மரத்தோரும் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

எம்மில் பலரது உடலில் செல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. முதுகில் ஒரு கை பட்டாலே பதறுவோரும் எம்மிடையே உண்டு. ஏன் என்று நாம் ஒருவரையொருவர் கேட்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தால் எந்தத் தசையும் இளகாது. முழுக் கதையையும் சொல்லத் தேவையில்லை. "இந்த இடத்தைத் தொட வேண்டாம்", "நான் குப்புறப் படுக்கமாட்டேன்" என்றால் போதும். உடுப்போடு கதிரையில் இருந்தபடி கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும் செய்விக்கலாம். மொழி வராவிட்டால், கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று தொடங்குமுன்னரே பேசிக்கொள்ளலாம்.

கேட்காமல் எம்மைத் தொட்ட கைகளைக் கண்டவர்கள் நாம். இங்கே கேட்டுத்தான் தொட வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.