ஃப்ளேருக்கு அடியில் ஒளியும் துரு

மாருதி ஜிப்சி, மகிந்திரா தார் போன்ற வண்டிகளை வாங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது டயரில்தான். அகல டயர் மாட்டியதும் அது மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சேறும் ஜல்லியும் கதவில் தெறிக்கும், பின்னால் வருபவரின் கண்ணாடியிலும் அடிக்கும். இதைத் தடுக்கச் சக்கர வளைவின் விளிம்பில் பொருத்தும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் இறக்கைதான் ஃபெண்டர் ஃப்ளேர். பெயின்ட்டைக் காப்பாற்ற வந்த இந்தப் பொருளே சரியாகப் பொருத்தாவிட்டால் தகட்டைத் துருவுக்குத் தின்னக் கொடுத்துவிடும்.

வண்டியின் பாடித் தகடு முக்கால் மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதன்மேல் உள்ள எல்லாப் பூச்சும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இன்றைய ஆலைகளில் முழு பாடியையும் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி அடிப்பூச்சைப் படியவைக்கிறார்கள். சந்துபொந்தெல்லாம் எட்டும் பூச்சு அது. பட்டறையில் டிரில் இறங்கிய நொடியில் துளையின் வாயில் அது போய்விடுகிறது, வெறும் இரும்பு வெளியே தெரிகிறது.

ஆனால் துளை பாதிக் கதைதான். ஃப்ளேருக்கும் தகட்டுக்கும் நடுவே அடையும் ஈரச் சேறு மீதிக் கதை. 1920களில் கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவன்ஸ் ஓர் எளிய சோதனை செய்தார். இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீரை வைத்தார். காற்று நன்றாகப் படும் துளியின் ஓரம் தப்பியது, ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி அரித்துப்போனது. ஒரே தகட்டில் ஆக்சிஜன் அதிகமுள்ள இடமும் குறைந்த இடமும் சேர்ந்து ஒரு சின்ன மின்கலமாகிவிடுகின்றன. காற்று எட்டாத இடத்து இரும்பு கரைகிறது. ஃப்ளேருக்கு அடியில் நடப்பதும் இதுதான். வெளியே பளபளப்பு குறையாது, உள்ளே ஓட்டை விழும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இந்த வேலையை இன்னும் விரைவாக்கும்.

மாட்டும் ஸ்க்ரூவும் கவனிக்க வேண்டியது. 1761இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலாரம்’ என்ற கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத்தகடு அடித்தது. பிறகு சோதித்தபோது செம்பைத் தொட்ட இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. இடையில் பழுப்புக் காகிதம் மாட்டிக்கொண்ட ஆணிகள் நன்றாகவே இருந்தன. இரண்டு உலோகங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தால் ஒன்று மற்றொன்றுக்குப் பலியாகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ துருப்பிடிக்காது என்பது சரிதான். ஆனால் பெயின்ட் உரிந்த இடத்தில் அது தகட்டைத் தொட்டால் அரித்துப்போவது தகடு. அந்தக் காகிதத்தின் வேலையை இங்கே நைலான் வாஷரும் நைலான் புஷ்ஷும் செய்யும்.

இனி வேலைமுறை. பாடியில் ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்த முடியுமா என்று முதலில் பாருங்கள். புதிதாகத் துளையிட்டால் விளிம்புப் பிசிறை அரத்தால் எடுங்கள். டிரில் தூளை ஒரு பொடிகூட விடாமல் துடைத்தெடுங்கள், பெயின்ட்டில் ஒட்டிய இரும்புத்தூள் தானும் துருப்பிடித்துக் கறையாகும். பிறகு எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, துளையின் உள்விளிம்பிலும் தகட்டின் இரு பக்கத்திலும் எபாக்சி பிரைமரோ துத்தநாக பிரைமரோ பூசி, அதன்மேல் பெயின்ட் அடியுங்கள். முழுக்கக் காயாமல் ஸ்க்ரூ போட்டால் பூச்சு உரிந்து, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

சீலன்ட் வாங்கும்போது புளித்த காடி வாடை அடிக்கும் சிலிகானைத் தவிருங்கள். அது காயும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் இரும்பை அரிக்கும். ஃப்ளேரின் மேல்விளிம்பில் பீடிங் வைத்து, மணல் புகுந்து பெயின்ட்டைத் தேய்க்காமல் பாருங்கள். கீழ்விளிம்பை மட்டும் அடைக்காதீர்கள், எப்படியும் உள்ளே நுழையும் தண்ணீருக்கு அதுதான் வழி. வெயிலில் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரிவதால் ஃப்ளேரில் உள்ள துளை சற்று நீள்வட்டமாக இருக்கட்டும், ஸ்க்ரூவை இறுக்கி நெரிக்க வேண்டாம். கடைசியாகச் சக்கர வளைவின் உட்புறத்தில் மெழுகு வகைத் துருத்தடுப்பானைத் தெளியுங்கள்.

துளையே வேண்டாமென்றால் இருபக்கம் ஒட்டும் அக்ரிலிக் டேப் உண்டு. மெல்லிய ஃப்ளேருக்கு அது போதும். கல்லிலும் புதரிலும் உரசி ஓடும் வண்டிக்கு ஸ்க்ரூதான் தாங்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அகல டயருக்கும் ஃப்ளேருக்கும் பணம் கட்டும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மாட்டிய பிறகு, ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் ஃப்ளேரைக் கழற்றி, சேற்றைக் கழுவி, உலரவிட்டுப் பூட்டுங்கள். கழற்ற முடியாதபடி ஃப்ளேரைப் பொருத்தித் தரும் பட்டறைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள்.