அரக்கும் புடைப்புத் தூளும்

திருமண அழைப்பிதழில் மணமக்களின் பெயரை விரலால் தடவிப் பார்த்தோர், எழுத்துக்கள் தாளின்மேல் மேடிட்டு நிற்பதை உணர்ந்திருப்பர். அழைப்பிதழ்கள் பலவற்றில் அது அச்சு அழுத்தியதால் எழுந்த மேடன்று. ஈரம் உலராத மையின்மீது நுண்ணிய பிசின் தூளைத் தூவி, ஒட்டாததை அகற்றிவிட்டுச் சூடேற்றுவர். தூள் உருகித் தடித்து, ஆறியதும் பளபளவென இறுகிவிடும். கடைகளில் ‘எம்போசிங் பவுடர்’ என விற்கப்படுவதும் இவ்வினத்துத் தூளே. நாம் அதனைப் புடைப்புத் தூள் என்போம்.

இத்தூளைக் கொண்டு இக்காலத்தார் பதக்கமும் தோடும் வாழ்த்து மடலும் செய்கின்றனர். மாணவியர் இதனைப் புதுமையென வியக்கின்றனர். நமக்கோ பெரும் புதுமையாகத் தோன்றவில்லை. சூட்டில் இளகிக் குளிரில் இறுகும் பிசினை நம் நாட்டுக் கைவினைஞர் நெடுங்காலமாக ஆண்டு வருகின்றனர். அரக்கு என்பது அதன் பெயர். மரக்கிளைகளில் மொய்த்து வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது அது. மாத்தளைப் பகுதியில் ஹப்புவித என்னும் ஊரார், வண்ண அரக்கைச் சூட்டில் இளக்கி நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தாலேயே நறுக்கி மரத்தின்மீது கோலமிடுவர். கடைசல் மரத்தில் அரக்குக் கோலை வைத்து அழுத்தினால், சுழற்சியின் உராய்வுச் சூடே அதனை உருக்கிப் பூசிவிடும். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அரக்கு வேலைக்கும் இடமளித்துள்ளார்.

நம் தட்டார்களுக்கும் அரக்கு இன்றியமையாதது. செங்கற்பொடி கலந்த அரக்குப் படுக்கையில் பொற்றகட்டைப் பதித்து, உளியால் தட்டிப் பூவும் கொடியும் எழுப்புவர். உள்ளீடற்ற மணிகள் நசுங்காதிருக்க அவற்றுள்ளும் அரக்கை நிரப்புவர். இங்கேதான் குடும்பத்தார் விழிப்பாயிருத்தல் வேண்டும். வைகாசி தோறும் கண்ணகை அம்மனுக்குச் சடங்கு எடுக்கும் மட்டக்களப்பாருக்குச் சிலம்பின் கதையைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. உள்ளே இருந்தது மாணிக்கமா முத்தா என்பதன்றோ அவ்வழக்கின் உயிர்? அரக்கடைத்த நகையை மொத்தமாக நிறுத்துப் பொன்விலை கொடுத்து வாங்கிய குடும்பம், இடர்ப்பட்ட காலத்தில் அதை விற்கச் செல்லுமாயின் அரக்கின் நிறை கழிக்கப்படும். உருக்கினால் அரக்கு எரிந்துபோகும், எஞ்சுவதே பொன். அரக்கடைத்தல் தொழிலில் குற்றமன்று. அதனைச் சொல்லாது விடுதலே குற்றம். ஆகவே நகை வாங்கும்போதே அரக்கின் நிறையை வேறாகக் கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதுவித்துக் கொள்க.

இனி, வீட்டில் செய்யத்தக்க வேலைக்கு வருவோம். பொன் வேண்டாம், வாவிக்கரையில் கிடக்கும் வெறும் ஊரிகளும் தேய்த்து மெருகிட்ட சிரட்டைத் துண்டுகளும் போதும். (வாவியில் பாடுவது மீனா, ஊரியா என்னும் வழக்கை அறிஞர்களுக்கே விட்டுவிடுவோம்.) உயிருள்ளவற்றைப் பிடுங்குதல் வேண்டா. ஊரியைக் கழுவி நன்கு உலர்த்துக. தொங்கவிடுவதற்கான துளையை முதலிலேயே இட்டுவிடுதல் நலம். பூச்சிட்ட பின் துளையிட்டால் பூச்சு வெடிக்கும். விரைவில் உலராத ஒட்டுமையைத் தடவி, தூளைத் தூவி, மிகுதியைத் தட்டிவிட்டுச் சுடுகாற்றுக் கருவியால் சூடேற்றுக. தலைமயிர் உலர்த்தும் கருவி பெரும்பாலும் பயன்படாது. அதன் சூடு போதாது, காற்றோ தூளை ஊதித் தள்ளிவிடும். முதற்பூச்சு சூடாயிருக்கும்போதே மறுமுறை தூவி உருக்கினால் தடிப்பு மிகும். இருமூன்று பூச்சுக்குப்பின், இளகிய நிலையில், மை தடவிய இறப்பர் முத்திரையொன்றை மெல்ல அழுத்தி ஆறவிட்டு எடுத்தால் அதன் உருவம் பதிந்திருக்கும். முத்திரையில் மை தடவ மறந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

பித்தளைத் தகட்டில் செய்வோர் குறட்டால் பற்றிக்கொள்க. சூடு விரலுக்கு நொடியில் ஏறிவிடும். சிறுவர் தனியே செய்தலாகாது. சாளரத்தைத் திறந்து வைத்தல் வேண்டும். உண்கலங்களின் உட்புறத்தில் இதனைப் பூசவே கூடாது. இன்றைய தூள் பெரும்பாலும் பிளாஸ்டிக் இனத்தது. அரக்கைப்போல் மண்ணோடு மக்கிவிடுவதன்று. ஆதலால் சிந்திய தூளைக் கழுவி வாவிக்கு அனுப்பாது, வேலைக்கு முன்பே ஒரு தாளை மடித்துக் கீழே விரித்து, அதில் விழுந்ததை மீண்டும் குப்பியிலேயே கொட்டி மூடி வைக்கலாம்.